வழியோரக் கற்கள் புகட்டும் பாடம்

தருமபுரியிலிருந்து பாலக்கோடு வழியாக இராயக்கோட்டை, ஓசூர் நோக்கிச் செல்லும் சாலையில் அமைந்துள்ள பேரூர் மாரண்டஹள்ளி. சேலம்–பெங்களூர் இருப்புப்பாதையில் அதற்கு ஒரு நிலையமும் உண்டு. சிரவணபெளகுளத்திற்கு யாத்திரை செல்லும் நம் குடும்பத்தார் சிலர் இவ்வழியே சென்றிருக்கக் கூடும். சென்றவர்கள் சாளரத்தின் வழியே கண்டவை யாவை? ஊர்ப் பெயர்ப் பலகை. தொலைவைக் காட்டும் கல். மரத்தடியில் மஞ்சள் பூசப்பெற்று நிற்கும் பழங்கல். கண்டோம், கடந்தோம் என்ற அளவில் யாத்திரை முடிந்துவிடுகிறது.

ஆயின் இம்மூன்றும் வரலாற்று ஏடுகளே. பழைய தகடூர் நாடாகிய தருமபுரிப் பகுதி இத்தகைய ஏடுகள் நிறைந்த பகுதி. 1965 இல் சேலத்திலிருந்து பிரிந்த தருமபுரி மாவட்டத்திலும், 2004 இல் அதிலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் வழியோரக் கற்கள் பல நூறு உள்ளன. அவற்றுள் நம் சமயத்தார் நட்டவை உண்டு. பிறர் நட்டவையும் உண்டு. அவற்றை எவ்வாறு படிப்பது, எவ்வாறு படிக்கலாகாது என்பதே இக்கட்டுரையின் பாடம். இளைஞர்களும் தாய்மார்களும் இதனைப் பொறுமையுடன் படித்து, பிள்ளைகளுக்கு எடுத்துரைக்க வேண்டுகிறோம்.

1. ஊர்ப்பெயர்

முதலில் பெயர்ப் பலகையைப் படிப்போம். மாரண்டஹள்ளி என்னும் பெயரின் இறுதியில் நிற்கும் 'ஹள்ளி' கன்னடச் சொல். சிற்றூர் என்பது அதன் பொருள். பழங்கன்னடத்தில் இது 'பள்ளி' என்றே வழங்கியது. பிற்காலத்தில் அம்மொழியில் சொல்லின் முதலில் நின்ற பகரம் ஹகரமாகத் திரிந்தது. பால் என்பது ஹாலு என்றும், பத்து என்பது ஹத்து என்றும், பெண் என்பது ஹெண்ணு என்றும் அங்கு வழங்குவதை நாம் அறிவோம். அவ்வாறே பள்ளி ஹள்ளியாயிற்று. மாரண்டஹள்ளிக்கு அண்மையில் சின்னாற்று அணை உள்ள ஊர் பஞ்சப்பள்ளி. தருமபுரிக்கு அருகில் நல்லம்பள்ளி. ஒரே வட்டாரத்தில் பழைய வடிவமும் புதிய வடிவமும் அருகருகே வாழ்கின்றன. இரு மொழிகள் கலந்து வாழ்ந்த எல்லைப்புறம் இது என்பதற்கு ஊர்ப்பெயர்களே சான்று.

இங்கு நம்மவர் ஓர் எச்சரிக்கையை மனத்திற் கொள்ளல் வேண்டும். 'பள்ளி' என்று கண்டவுடன் 'இது நம் முனிவர்கள் வாழ்ந்த இடம்' என்று கூறிவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. தமிழில் பள்ளி என்பது சமணர் உறைவிடத்தைக் குறிக்கும் என்பது உண்மையே. அறக்கொடையாக அளிக்கப்பட்ட நிலம் 'பள்ளிச்சந்தம்' எனப்பட்டதைக் கல்வெட்டுகள் பலவற்றிற் காண்கிறோம். அதே சொல் கல்விக்கூடத்தையும், உறங்கும் இடத்தையும், சிற்றூரையும் குறிக்கும். ஆகவே பெயரை மட்டும் கொண்டு மாரண்டஹள்ளியையோ பஞ்சப்பள்ளியையோ நமக்குரியதாக்கிக் கொள்வது முறையன்று. சொல் எங்கு நிற்கிறது, அதனுடன் வேறு என்ன சான்று நிற்கிறது என்று நோக்குதல் வேண்டும்.

அவ்வாறு நோக்கத்தக்க ஒரு கல்வெட்டு உண்டு. திருக்கோவலூரை அடுத்த ஜம்பையில் 1981 இல் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறையினரால் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு அது. தகடூர் வேந்தன் அதியமான் நெடுமான் அஞ்சி ஒரு 'பளி'யை ஈந்தான் என்று அது கூறுகிறது. அவனை 'ஸதியபுதோ' என்ற அடைமொழியுடனும் குறிக்கிறது. அசோகச் சக்கரவர்த்தியின் பாறைச் சாசனத்தில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோருடன் குறிக்கப்பெற்ற சத்தியபுத்திரர் எவர் என்று அறிஞர்கள் நெடுநாள் வாதிட்டு வந்தனர். அவ்வழக்கை இந்த ஒரே வரி பெரிதும் தீர்த்து வைத்தது. இங்கு 'பளி' என்பது பள்ளியே எனக் கொள்வர். அது பொறிக்கப்பட்ட இடம் துறவியர் தங்குதற்குரிய இயற்கைக் குகைத்தளமாதலால், முனிவர் உறைவிடம் என்ற பொருள் பொருந்துகிறது. இடம் துணை நின்றமையால் பொருள் துணிந்தோம். வெறும் பெயரொற்றுமையால் அன்று.

2. வழிக்கல்

அடுத்து, தொலைவைக் காட்டும் கல். இது ஆங்கிலேயர் கொண்டுவந்த வழக்கம் என்று பலர் எண்ணுகின்றனர். பழைய உரோமப் பேரரசின் சாலைகளில் இத்தகைய கற்கள் நின்றமை உலகறிந்த செய்தி. நம் தமிழகத்திலும் அவை நின்றன என்பதற்குத் தருமபுரிப் பகுதியே சான்று தருகிறது.

கி.பி. 13 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை எனக் கருதப்படும் வழிக்கற்கள் இப்பகுதியிற் கிடைத்துள்ளன. 'அதியமான் பெருவழி' என்று சாலையின் பெயரைக் கூறி, நாவல் தாவளம் என்னும் இடத்திற்கு இத்தனை காதம் என்று அவை அறிவிக்கின்றன. ஒன்றில் 27 காதம். மற்றொன்றில் 29 காதம். தாவளம் என்பது வணிகர் கூட்டம் பொதிமாடுகளுடன் தங்கி இளைப்பாறும் இடம். ஆகவே இது வணிகர் சென்ற நெடுஞ்சாலை என்பது தெளிவு.

இக்கற்களில் வியக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. 27 காதம் என்ற கல்லில் எழுத்தும் எண்ணும் பொறிக்கப்பட்டதோடு, இரண்டு பெரிய குழிகளும் ஏழு சிறிய குழிகளும் செதுக்கப்பட்டுள்ளன. பெரிய குழி ஒவ்வொன்றும் பத்து. சிறிய குழி ஒவ்வொன்றும் ஒன்று. எழுத்தறியாத வண்டிக்காரரும், இருளில் வந்து சேர்ந்தவரும் விரலால் தடவியே தொலைவை அறிந்துகொள்ளலாம். கற்றவர்க்கு மட்டும் அறிவிப்பு வைத்தால் போதும் என்று அக்காலத்தார் எண்ணவில்லை. எழுத்தறியாதவனும் வழி அறிய வேண்டும் என்ற கருணை அக்குழிகளில் தெரிகிறது. ஞானதானம் நால்வகைத் தானங்களுள் ஒன்று எனப் போற்றும் நாம் இக்கல்லின் முன் சற்று நின்று சிந்திக்க வேண்டும். நம் ஆலயங்களில் உள்ள பழங்கல்வெட்டின் செய்தியை, கோயிலுக்கு வரும் சிறுவனும் அறியும் வண்ணம் எளிய தமிழில் ஒரு பலகையில் எழுதி வைத்துள்ளோமா?

3. நடுகல்

மூன்றாவது, மரத்தடியில் நிற்கும் பழங்கல். தருமபுரிப் பகுதியில் இதனை வேடியப்பன் என்று பெயரிட்டு வழிபடுவோர் பலர். கல்லில் ஒரு வீரன் வில்லோ வாளோ ஏந்தி நிற்பான். சிலவற்றில் புலியுடன் பொருவான். மேலே சில வரிகள் வட்டெழுத்தில் இருக்கும். இன்ன அரசனின் இன்ன ஆண்டில், இன்னார் தொறு கொண்டபோது, இன்னான் அதனை மீட்டுப் பட்டான் என்பது அவ்வெழுத்துகள் கூறும் செய்தியின் போக்கு. 'தொறு' என்பது ஆநிரை. 'பட்டான்' என்பது இறந்தான் என்ற பொருளது. போரில் வீழ்ந்தவனுக்குக் கல் எடுக்கும் முறையைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து எனத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. அவ்விலக்கணத்திற்கு இலக்கியமாக நிற்பவை இக்கற்கள்.

தொல்லியல் துறையினர் 1972 இல் செங்கம் நடுகற்களைத் தொகுத்து நூலாக வெளியிட்டனர். தருமபுரிக் கல்வெட்டுகளும் பின்னர் நூல் வடிவம் பெற்றன. செங்கம் பகுதியில் எடுத்தனூர் என்னும் ஊரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. வீழ்ந்த வீரனின் அருகில் அவனுடைய நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கள்வரைக் கடித்துக் காவல் நின்ற அந்நாயின் பெயர் கோவிவன் என்று கல்வெட்டு குறிக்கிறது. ஐயறிவு உயிரின் நன்றியையும் பெயர் சொல்லிக் கல்லில் எழுதிய ஊரார் நம் வணக்கத்திற்கு உரியவர்.

'அஹிம்சையே பரம தருமம் என்று கூறும் நமக்குப் போரில் இறந்தவனின் கல்லோடு என்ன தொடர்பு?' என்று சிலர் வினவலாம். நியாயமான வினா. நம் ஆகமங்கள் இல்லறத்தார்க்கு நேரும் ஹிம்சையை நான்காகப் பகுத்துள்ளன. வேண்டுமென்றே கொல்லும் சங்கற்ப ஹிம்சை, வீட்டுத் தொழிலில் நேரும் ஆரம்ப ஹிம்சை, பிழைப்புத் தொழிலில் நேரும் உத்யோக ஹிம்சை, தற்காப்பிலும் பிறரைக் காப்பதிலும் நேரும் விரோத ஹிம்சை என்பன அவை. சிராவகன் முதலாவதை அறவே விலக்கக் கடமைப்பட்டவன். மற்ற மூன்றையும் இயன்ற அளவு குறைக்கக் கடமைப்பட்டவன். ஊரின் ஆநிரையைக் காக்கச் சென்று மீளாதவனின் கல்லை இந்தப் பகுப்பின் துணைகொண்டு நாம் நோக்க வேண்டும். கொலையைப் போற்றுகிறோம் என்பது இதன் பொருளன்று. பிறர் பொருட்டுத் தன் உயிரைப் பொருட்படுத்தாத அந்தத் தியாகத்தை மதிக்கிறோம்.

நமக்கும் நினைவுக்கல் மரபு உண்டு. அது நிசீதிகை. செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில், இருபத்து நான்கு தீர்த்தங்கரர் திருவுருவங்கள் செதுக்கப்பட்ட அப்புனிதப் பாறையில், சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பு நோற்று உயிர் நீத்த செய்தி பொறிக்கப்பட்டுள்ளது. நடுகல், புறப்பகையை எதிர்த்து வீழ்ந்தவனைச் சொல்லும். நிசீதிகை, அகப்பகையாகிய ஆசையையும் சினத்தையும் வென்று உடலை நீத்தவரைச் சொல்லும். இரண்டையும் எழுதிய உளியும் ஒன்றே. எழுதச் செய்த மக்களும் ஒரே நாட்டவரே. கொங்கு நாட்டு விசயமங்கலத்தில் உள்ள சந்திரப்பிரப தீர்த்தங்கரர் ஆலயத்தில் புள்ளப்பை என்னும் அம்மையாரின் நிசீதிகை உண்டு. அவர் சாமுண்டராயரின் தங்கை. சாமுண்டராயரோ கங்க அரசின் படைத்தலைவர்; கி.பி. 10 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிரவணபெளகுளத்தில் கோமடேசுவரர் திருவுருவை எடுப்பித்தவர். தமையன் போர்க்களம் கண்டவர். தங்கை நோன்பினால் நிசீதிகை பெற்றவர். ஒரே குடும்பத்தில் இரு நெறிகளும் நின்றன என்பதை எண்ணிப் பார்த்தால், வேடியப்பன் கல்லை இகழ்ந்து கடக்க மனம் வராது.

4. கொடைக்கல்

இனி, தகடூர் நாட்டில் நமக்கே நேரில் உரிய கல்லைக் காண்போம். கி.பி. 9 ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பகுதி நுளம்பர் ஆட்சியில் இருந்தது. அவர்தம் தலைநகர் இன்றைய ஆந்திர மாநிலத்தில் உள்ள ஹேமாவதி. நுளம்ப வேந்தன் மகேந்திரன் காலத்தில், சக ஆண்டு 815, அதாவது கி.பி. 893 இல், தகடூரில் ஒரு கல்வெட்டுப் பொறிக்கப்பட்டது. அதன் மொழி கன்னடம்.

நிதியண்ணன், சண்டியண்ணன் என்னும் வணிக உடன்பிறப்பினர் இருவர் தகடூரில் ஒரு ஜினாலயம் எடுப்பித்தனர். அரசன் மூலப்பள்ளி என்னும் ஊரை நிதியண்ணனுக்கு அளித்தான். நிதியண்ணன் அதனைத் தனக்கென வைத்துக்கொள்ளவில்லை. மூலசங்கத்துச் சேன அன்வயத்தைச் சேர்ந்த விநயசேன சித்தாந்த பட்டாரரின் மாணாக்கர் கனகசேன சித்தாந்த பட்டாரரிடம் அவ்வூரை ஒப்படைத்தான். ஆலயத்தின் பழுது நீக்கவும் வழிபாடு நடைபெறவும் அது பயன்பட வேண்டும் என்பது கொடையின் நோக்கம். மகேந்திரனுக்குப் பின் அவன் மகன் ஐயப்பதேவனும் அவ்வாலயத்திற்கு ஓர் ஊர் கிடைக்க வழி செய்தான்.

இக்கல்வெட்டில் கருதத்தக்கவை மூன்று. முதலாவது, ஆலயம் கட்டிய நாளிலேயே அது பழுதுபடும் என்று எண்ணி அதற்கு வழி செய்தமை. எல்லாம் மாறும் என்ற மெய்யறிவு உடையவரே இவ்வாறு செய்வர். இரண்டாவது, மொழி. நம் வரலாறு தமிழ்க் கல்வெட்டுகளில் மட்டும் இல்லை. கன்னடத்திலும் வடமொழியிலும் அது எழுதப்பட்டிருக்கிறது. மூன்றாவது, கொடைப்பொருளாகிய ஊரின் பெயர் மூலப்பள்ளி. இங்கு 'பள்ளி' என்பது ஊர். முனிவர் உறைவிடம் அன்று. முதற்பகுதியில் கூறிய எச்சரிக்கையைக் கல்வெட்டே நமக்கு மெய்ப்பிக்கிறது. அன்று எழுந்த ஜினாலயத்தில் இன்று விளக்கேற்றுவாரில்லை. இரு வணிகர்களின் பெயரை இன்று நாம் அறிவது அக்கல்லினால் மட்டுமே.

தகடூர் வேந்தரின் தொண்டை நம் குடும்பங்கள் ஆண்டுதோறும் கண்டு வருகின்றன. ஆயினும் பலர் அறியார். போளூரை அடுத்த திருமலைக்குச் செல்லாத தமிழ்ச் சமணக் குடும்பம் அரிது. நெடிதுயர்ந்த நேமிநாதர் திருவுருவை வணங்கித் திரும்புகிறோம். அம்மலையில் ஒரு கல்வெட்டு உண்டு. சேரர் குலத்து எழினி என்பவன் முன்னாளில் அங்கு இயக்கன், இயக்கி திருவுருவங்களை எழுந்தருளச் செய்தான். அவை காலத்தாற் சிதைந்தன. அவன் வழித்தோன்றலாகிய தகடூர் அதியமான் விடுகாதழகிய பெருமாள் அவற்றைச் செப்பனிட்டு மீண்டும் நிறுவினான்; சேமக்கலமும் வாய்க்காலும் அளித்தான். வடமொழியிலும் தமிழிலும் அமைந்த அக்கல்வெட்டு இச்செய்தியைக் கூறுகிறது. அதியமான் பெருவழிக் கற்களும் ஏறத்தாழ இதே காலத்தவை.

இதில் உள்ள நேர்மையைக் கவனியுங்கள். புதுப்பித்தவன் அரசன். விரும்பியிருந்தால் 'யான் செய்வித்தேன்' என்று எழுதிப் பழைய பெயரை மறைத்திருக்கலாம். அவன் மறைக்கவில்லை. முதலிற் செய்தவன் எழினி, சிதைந்ததைச் சீராக்கியவன் யான் என்று இரண்டையும் எழுதினான். ஜீர்ணோத்தாரணம் என்பதற்கு இதனினும் சிறந்த இலக்கணம் வேறில்லை.

5. நம் கடமை

யாம் அறிந்த ஊர் ஒன்றில் ஆலயத் திருப்பணி நடந்தது. பழைய படிக்கட்டை அகற்றிப் புதிய பளிங்குக்கல் பதித்தனர். பணி முடிந்து சில திங்கள் கழித்து, மூத்த தாய் ஒருவர், 'அடிப்படியில் எழுத்து இருந்ததே, அந்தக் கல் எங்கே?' என்று வினவினார். எவருக்கும் தெரியவில்லை. உடைத்து அடித்தளத்திற்கு இட்டிருக்கலாம் என்றனர். எவர் கொடுத்த கொடை, எந்த ஆண்டு, எம்முனிவர் பெயர் அதில் இருந்தது என்பதை இனி எவரும் அறிய இயலாது. தீய எண்ணம் கொண்டு எவரும் இதனைச் செய்யவில்லை. பக்தியோடு செய்த பணியிலேயே இவ்விழப்பு நேர்ந்தது. அதுவே நம் வருத்தம்.

சாலைகள் அகலமாகின்றன. வயல்கள் மனைகளாகின்றன. வழியோரக் கல் இன்று நின்ற இடத்தில் நாளை நிற்கும் என்று கூற இயலாது. ஆதலின் ஒவ்வொரு குடும்பமும் பின்வருவனவற்றைக் கைக்கொள்ள வேண்டுகிறோம்.

எழுத்துள்ள கல்லைக் கண்டால் அதன் மீது எண்ணெய், சுண்ணாம்பு, வண்ணம் பூசலாகாது. மணல் வீச்சினால் தூய்மை செய்தால் எழுத்துகள் தேய்ந்து மறையும். கூரிய கருவியால் சுரண்டவும் கூடாது.

கல்லை இடம் பெயர்த்தல் கூடாது. நின்ற இடமும் அக்கல் கூறும் செய்தியின் ஒரு பகுதியே. ஜம்பைக் கல்வெட்டின் பொருளைத் துணிவதற்கு இடமே துணையாயிற்று என்பதை மறவாதீர்.

நிழற்படம் எடுத்து, ஊர், சாலை, அருகிலுள்ள அடையாளம் ஆகியவற்றைக் குறித்து, கிராம நிருவாக அலுவலருக்கும் தொல்லியல் துறைக்கும் எழுத வேண்டும். மைப்படி எடுப்பதைப் பயிற்சியுடையோரிடம் விட்டுவிட வேண்டும். தருமபுரி அகழ்வைப்பகத்தில் நடுகற்கள் பல பாதுகாக்கப்படுகின்றன. பிள்ளைகளை ஒருமுறை அங்கு அழைத்துச் செல்லுங்கள்.

பிறர் வழிபடும் கல்லை, 'இது எங்களுடையது' என்று கூறி அவர் மனம் புண்படச் செய்தலாகாது. வேடியப்பன் கல்லுக்குப் பொங்கலிடும் ஊரார் இல்லையேல் அக்கல் என்றோ உடைந்து போயிருக்கும். காத்தவர் எவராயினும் நம் நன்றிக்கு உரியவர்.

இறுதியாக, இல்லாத பெருமையைக் கல்லின் மீது ஏற்றிக் கூறலாகாது. சத்தியம் நம் அணுவிரதங்களுள் ஒன்று. பொய்யான நூறு பள்ளிகளைக் காட்டிலும் உண்மையான ஒரு நிதியண்ணன் நமக்குப் பெருமை.

அடுத்த முறை மாரண்டஹள்ளி வழியே செல்லும்போது பெயர்ப் பலகையைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுங்கள். பள்ளி ஹள்ளியான கதையைச் சொல்லுங்கள். தொலைவுக் கல்லைக் கண்டால் இருளில் விரலால் தடவி எண்ணிய வண்டிக்காரனை நினைவூட்டுங்கள். மரத்தடிக் கல்லைக் கண்டால் ஒரு கணம் கைகூப்புங்கள். நட்டவர் சென்றுவிட்டனர், படிப்பவர் உள்ளவரை அக்கல் பேசும்.

இளைஞர்களின் சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. 'பள்ளி' என்னும் சொல்லின் பல பொருள்கள் யாவை? அது சமணர் உறைவிடத்தைக் குறிக்கிறது என்று எப்போது துணியலாம்?

2. அதியமான் பெருவழிக் கல்லில் எழுத்தோடு குழிகளையும் செதுக்கியது ஏன்?

3. நடுகல்லுக்கும் நிசீதிகைக்கும் உள்ள ஒற்றுமை வேற்றுமைகள் யாவை?

4. கி.பி. 893 ஆம் ஆண்டுத் தகடூர்க் கல்வெட்டு கூறும் அறக்கொடை யாது? அதனை அளித்தவர், பெற்றவர் யாவர்?

5. உங்கள் ஊர் ஜினாலயத்தில் எழுத்துள்ள கற்கள் எத்தனை? அவை எங்கெங்கு உள்ளன? பெரியோர்களைக் கேட்டு ஒரு பட்டியல் எழுதுக.

ஐந்தாம் வினாவிற்கு விடை எழுதும் ஒவ்வொரு பிள்ளையும் நம் சமுதாயத்திற்கு ஓர் அரிய தொண்டு செய்தவராவார்.

அறம் வளர்க!